கோடுகளின் முன் நிற்கத் தெரியாதவர்கள்

‘இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டு, மறுமொழிக்கு நில்லாமல் நகர்ந்துவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கவிதையிடம் கருத்தைக் கேட்கிறோம். கதையிடம் நீதியைக் கேட்கிறோம். ஓவியத்திடம் உருவத்தைக் கேட்கிறோம். கேட்டது கிடைக்காதபோது, கொடுக்காதவர் ஏமாற்றுக்காரர் என்று முடிவுகட்டிவிடுகிறோம். இந்த அவசரத் தீர்ப்புக்கு மிகுதியும் ஆளாகிறவர்கள் அருவ ஓவியர்கள். அவர்களுள்ளும், வண்ணத்தின் கவர்ச்சிகூட இல்லாமல் வெள்ளைத் தாளில் மெல்லிய கோடுகளை மட்டுமே இட்டுச் சென்றவர்களின் நிலை இரங்கத்தக்கது. அத்தகைய ஒருவரை முன்னிறுத்தி இவ்வழக்கை நடத்த விரும்புகிறோம். அவர் பெயர் நஸ்ரீன் மொகமதி.

1937-இல் கராச்சியில் பிறந்து, மும்பையில் வளர்ந்தவர் அவர். 1954 முதல் 1957 வரை இலண்டனில் செயின்ட் மார்ட்டின் கலைப் பள்ளியிலும், 1961 முதல் 1963 வரை பாரிசிலும் பயின்றார். மும்பையின் புலாபாய் நினைவு நிறுவனத்தில் கெய்தொண்டே போன்ற மூத்த ஓவியர்களின் அருகிருந்து பணியாற்றினார். 1972-இல் பரோடாவிலுள்ள மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் ஆசிரியையாகச் சேர்ந்து, இறுதிவரை அங்கேயே கற்பித்தார். 1990-ஆம் ஆண்டு மே திங்களில், மராட்டியக் கடற்கரைச் சிற்றூரான கிகிமில் காலமானார். அப்போது அவருக்கு அகவை 53.

அவர் விட்டுச்சென்றவை பெரும்பாலும் தாள்கள். கறுப்பு மையாலும் எழுதுகோலாலும் வரையப்பட்ட கோடுகள் அவற்றில் உள்ளன. முதலில் கிளையையும் நீரையும் நினைவூட்டும் கைவீச்சுக் கோடுகள் வந்தன. 1970-களில் அவை அடங்கி, நெசவுத்தறியின் பாவுபோல நெருங்கிய கட்டங்களாயின. பின்னர்க் கட்டங்களும் கலைந்து, தாளைக் குறுக்கே வெட்டிப் பாயும் சாய்கோடுகள் வந்தன. 1980-களில் தாளின் பெரும்பகுதி வெறுமையாகவே விடப்பட்டது. அவ்வெறுமையில் சில சாய்கோடுகள், சில விற்கள், சில வட்டங்கள். இப்படங்களுக்கு அவர் தலைப்பிடவில்லை. பெரும்பாலானவற்றில் ஆண்டும் குறிக்கவில்லை. எந்த ஆண்டில் எது வரையப்பட்டது என்பதை ஆய்வாளர்கள் இன்றுவரை ஒப்பிட்டுத்தான் கணிக்கிறார்கள்.

இதற்கு எதிராக நாள்தோறும் எழும் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

‘குழந்தையும் வரையுமே!’

முதற் குற்றச்சாட்டு இது. ‘அளவுகோல் ஒன்றைக் கொடுத்தால் என் பிள்ளையும் இப்படிக் கோடு போடுவானே!’ என்கிறார்கள். நல்லது, போடட்டும். வரைபலகை ஒன்றில் தாளைப் பொருத்தி, மை நிரப்பிய வரைகோலால் நூறு இணைகோடுகளை இழுக்கச் சொல்லுங்கள். ஐந்தாவது கோட்டில் மை சற்றே மிகும், பன்னிரண்டாவதில் வற்றும், முப்பதாவதில் கை ஒரு நொடி தயங்க, அந்தத் தயக்கம் புள்ளியாகத் தாளில் தடித்து நிற்கும். அழித்து எழுத மை இடங்கொடுப்பதில்லை. தொண்ணூற்றொன்பது கோடுகளைச் செவ்வனே இட்டுவிட்டு நூறாவதில் தவறினாலும் தாள் முழுவதும் வீண். கட்டடப் பொறியாளரின் அலுவலகத்தில் வரைபடம் தீட்டியவர்கள் இதனை நன்கறிவர். கணிப்பொறி வருமுன் அப்பணியில் இருந்த எவரும் நஸ்ரீனின் தாளைக் கண்டால் ‘குழந்தை வரையும்’ என்று சொல்லத் துணியமாட்டார்.

ஆனால் கைத்திறனை மட்டும் சான்றாகக் காட்டி இவ்வழக்கை வெல்ல நாம் விரும்பவில்லை. துல்லியம் வரைபடத்துக்கும் உண்டு. அதனால் அது கலையாகிவிடுவதில்லை. நஸ்ரீனின் தாளில் நிகழ்வது வேறு. இணைகோடுகள் ஒரே இடைவெளியில் தொடங்குகின்றன. பிறகு இடைவெளி மெல்ல மெல்லக் குறுகுகிறது. எந்தச் சாம்பல் வண்ணமும் பூசப்படாமலேயே, கோடுகளின் நெருக்கத்தால் மட்டும் தாளில் ஒரு நிழல் கவிகிறது. சில கோடுகள் தாளின் விளிம்பைத் தொடாமல் நடுவிலேயே ஓய்கின்றன. ஒரு கோடு கிடக்கையாகச் செல்ல, அதன்மேல் ஒரு சாய்கோடு மோதாமல் கடந்துபோகிறது; கடக்கும் இடத்தில் தட்டையான தாள் திடீரென ஆழம் கொள்கிறது. வரைபடத்தில் ஒவ்வொரு கோடும் வெளியேயுள்ள ஒரு சுவரையோ தூணையோ குறிக்கும். இங்கே கோடு, அடுத்த கோட்டுக்கு மட்டுமே கடன்பட்டு நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இப்படங்களைப் பழிப்பவர்களில் பலர் அவற்றைக் கண்டதே இல்லை. செய்தித்தாளிலோ வார இதழிலோ அச்சான நகலைத்தான் கண்டிருக்கிறார்கள். மயிரிழை போன்ற நெருங்கிய கோடுகளை அச்சுப் புள்ளிகள் விழுங்கிவிடும். அல்லது இல்லாத அலைகளை அவற்றின்மேல் எழுப்பிவிடும். எழுதுகோலின் வெள்ளிச் சாயல் நகலில் வருவதே இல்லை. மேலும், தாளில் வரைந்த படைப்புகள் ஒளிக்கு அஞ்சுபவை. அருங்காட்சியகங்கள் அவற்றை மங்கிய விளக்கொளியில், சில திங்கள் மட்டுமே காட்சிக்கு வைத்து, மீண்டும் இருட்டறையில் ஓய்வுகொள்ளச் செய்கின்றன. எளிதில் காணக் கிடைக்காத ஒன்றைப் பற்றி எளிதில் தீர்ப்பளிப்பது எவ்வகை நேர்மை?

‘பசித்தவன் முன் கோடு எதற்கு?’

இரண்டாம் குற்றச்சாட்டு முதலாவதைவிடக் கண்ணியமானது. ஆகவே கூடுதலாக மதித்து மறுமொழி கூற வேண்டியது. வறுமையும் சாதியும் வன்முறையும் நிறைந்த நாட்டில், மனித முகமே இல்லாத படங்களை வரைந்துகொண்டிருப்பது பொறுப்பின்மை அல்லவா என்று கேட்கிறார்கள். சமூக அக்கறை கொண்ட நம் வாசகர் பலர் இக்கேள்வியை எழுப்பக் கூடும்.

நஸ்ரீன் வாழ்ந்த பரோடாவே இக்கேள்வியின் களமாக இருந்தது. அவர் கோடுகளை வரைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே நகரில் பூபேன் கக்கரும் குலாம் முகம்மது ஷேக்கும் மனிதர்களை ஓவியத்துக்குள் மீண்டும் அழைத்துவந்துகொண்டிருந்தார்கள். கடைக்காரரும் தையற்காரரும் தெருவும் வீடும் அவர்களுடைய திரைச்சீலைகளில் இடம்பெற்றனர். 1981-இல் மும்பையிலும் தில்லியிலும் நடைபெற்ற ‘மக்களுக்கான இடம்’ என்னும் கண்காட்சி, இப்போக்கின் அறிவிப்பாகவே அமைந்தது. அதற்கு விளக்கக் கட்டுரை எழுதியவர் கலைத் திறனாய்வாளர் கீதா கபூர். மனித உருவத்துக்காக வாதாடிய அதே கீதா கபூர்தான், நஸ்ரீன் மறைந்த பின் அவரைப் பற்றி ஆழமானதோர் இரங்கற் கட்டுரையையும் எழுதினார். மக்கள் பக்கம் நிற்பதற்காகக் கோடுகளுக்கு எதிராக நிற்க வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. நாம் மட்டும் ஏன் எண்ண வேண்டும்?

ஏழை எளியவரை வரைந்துவிட்டதாலேயே ஒரு படம் அவர்களுக்குத் தொண்டு செய்துவிடுகிறதா? ஒட்டிய வயிற்றையும் குழிவிழுந்த கண்ணையும் வரைந்து, செல்வர் வீட்டுக் கூடத்தில் தொங்கவிடப்பட்ட படங்கள் எத்தனை! அங்கே வறுமை அலங்காரப் பொருளாகிவிடுகிறது. அப்பிழையை நஸ்ரீனின் கோடுகள் செய்யவில்லை. மேலும், உழைப்பவனுக்குச் சோறும் கூலியும் மட்டுமே தேவை, அமைதியும் ஒழுங்கும் நுண்மையும் மேட்டுக்குடிக்கு உரியவை என்று பங்கிட்டுக் கொடுக்க நாம் யார்? தறியில் பாவு ஓட்டும் நெசவாளிக்கு, இழைகளின் இடைவெளி பிசகாமல் நிற்பதன் அழகு தெரியாது என்றா நினைக்கிறோம்? நஸ்ரீன் தம் புகைப்படக் கருவியால் தறியின் இழைகளைப் படமெடுத்தார். பதேப்பூர் சிக்ரியின் கல்தளங்களையும், சண்டிகரின் கட்டடங்களையும், கடல் வடிந்த மணலையும் படமெடுத்தார். தம் வாழ்நாளில் அப்படங்களை அவர் காட்சிக்கு வைக்கவில்லை. ஆயினும் அவருடைய கண் உலகைப் புறக்கணித்த கண் அன்று என்பதற்கு அவை போதிய சான்று.

புகழ்வோர் செய்யும் பிழை

பழிப்போரைவிடப் புகழ்வோரிடமே நமக்கு மிகுந்த மனத்தாங்கல். ஏனெனில் பழிப்பவர் படத்தை விட்டு விலகிச் செல்கிறார். புகழ்பவரோ படத்தின்மேல் வேறொன்றை ஒட்டிவிட்டுச் செல்கிறார்.

நஸ்ரீனின் கடைசி ஆண்டுகளில் நரம்பு நோய் ஒன்று அவருடைய உடலசைவுகளை மெல்ல மெல்லக் கவர்ந்துகொண்டது. அப்படியிருந்தும் கோடுகள் நடுங்கவில்லை. இச்செய்தி தெரிந்ததும் நம் எழுத்தாளர்கள் மகிழ்ந்துபோகிறார்கள். ‘நோயை வென்ற வீராங்கனை’ என்று தலைப்பிட்டு, கண்ணீர் வரவழைக்கும் கட்டுரை ஒன்றை ஆயத்தப்படுத்திவிடுகிறார்கள். அதைப் படிப்பவருக்கு ஓவியரின் கை தெரிகிறது. கை வரைந்தது தெரிவதில்லை. அவருடைய மனவுறுதியைக் குறைத்து மதிப்பிடும் நோக்கம் நமக்கில்லை. ஆனால் நடுங்கும் கையால் இடப்பட்டது என்பதற்காக ஒரு கோடு நல்ல கோடாகிவிடாது. நலமான கையால் இடப்பட்டது என்பதற்காகக் கெட்ட கோடாகவும் ஆகாது. நோயின் செய்தி தெரியாத ஒருவர் அத்தாளின் முன் நின்றாலும் அது தன் காலில் நிற்க வேண்டும். நிற்கிறது என்பதே நம் கட்சி. இரக்கத்தால் அதற்கு முட்டுக்கொடுக்கிறவர்கள், அது தானே நிற்கும் என்பதை நம்பாதவர்கள்.

மற்றொரு கூட்டம் அவரை ‘இந்தியாவின் ஆக்னஸ் மார்ட்டின்’ என்கிறது. கனடாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஆக்னஸ் மார்ட்டின் (1912–2004) போற்றத்தக்க ஓவியரே. அவரும் கட்டங்களை வரைந்தார். ஆனால் அவருடைய புகழ்பெற்ற படைப்புகள் ஆறடிச் சதுரத் திரைச்சீலைகள், பார்ப்பவரை நேருக்கு நேர் எதிர்கொள்பவை, அசைவற்றவை. நஸ்ரீனின் தாள்களோ இரு கைகளால் ஏந்தத்தக்கவை. அவற்றில் கட்டம் சாய்கிறது, விரைகிறது, தாளை விட்டு வெளியேறப் பார்க்கிறது. ஒருவரை இன்னொருவரின் உள்ளூர்ப் பதிப்பாக்குவது பாராட்டு ஆகாது. மேலை நாட்டுப் பெயரைக் கடன் வாங்கி அணிவித்தால்தான் நம்மவர்க்கு மதிப்பு வரும் என்னும் பழைய அடிமைப் புத்தி இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை என்பதையே அது காட்டுகிறது.

2007-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் ‘டாக்குமெண்டா 12’ பெருங்காட்சியில் அவர் இடம்பெற்றார். 2013-இல் தில்லியில் கிரண் நாடார் கலை அருங்காட்சியகமும், 2014-இல் லிவர்பூலின் டேட் அருங்காட்சியகமும், 2015-இல் மத்ரீதின் ரெய்னா சோபியாவும் அவருக்குக் காட்சி எடுத்தன. 2016 மார்ச்சில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ‘மெட் பிரேயர்’ என்னும் புதிய கிளையைத் திறந்தபோது, தொடக்கக் காட்சிகளுள் ஒன்று நஸ்ரீனுடையது. 2020-இல் அக்கிளையே மூடப்பட்டுவிட்டது, கோடுகள் இருக்கின்றன. அயல்நாட்டு வரவேற்பைக் கேட்டபின்தான் நம் நாளிதழ்கள் அவரைக் கண்டுகொள்ளத் தொடங்கின. அவர் மறைந்து அப்போது கால் நூற்றாண்டு கடந்திருந்தது. நியூயார்க் மெச்சியதால் மெச்சுவதும், நியூயார்க் மெச்சியதாலேயே ஐயுறுவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். இரண்டிலும் நம் கண்ணுக்கு வேலை இல்லை.

நமக்கே உரிய சோதனை

இறுதியாக, இவ்விதழின் வாசகர்களாகிய நமக்கே உரிய ஒரு சோதனையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இத்தகைய அமைதியான தாள்களைக் கண்டதும் நம்மில் நல்லெண்ணம் படைத்தோர், ‘இவை செபம்’ என்று சொல்லிவிட விரைவர். சொல் இனிமையானது, கேட்பவரும் தலையசைப்பர். ஆனால் எண்ணிப் பார்ப்போம். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, சூபி மரபையும் ஜென் மரபையும் இருபதாம் நூற்றாண்டின் ஐரோப்பியச் சிந்தனையையும் வாசித்து, எதற்கும் தலைப்பிடாமல் மறைந்த ஒருவரின் தாளுக்கு, நம் மறைக்கல்விச் சொற்களஞ்சியத்திலிருந்து ஒரு பெயரை எடுத்துச் சூட்ட நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அவர் நாட்குறிப்பேடுகள் எழுதினார். அவற்றின் சில பக்கங்களில், தாம் எழுதிய சொற்களையே கறுப்புப் பட்டைகளால் மூடியும் வைத்தார். சொல் கைவசம் இருந்தும் அதனை மூடத் தெரிந்தவர் அவர். அவர் மூடிய இடத்தில் நாம் போய் எழுதுவது அன்பாகாது, ஆக்கிரமிப்பு ஆகும். நல்லது எதுவாயினும் அது நம்முடையதாக இருந்தே தீர வேண்டும் என்று எண்ணுவது பக்தியின் உடையணிந்த பேராசை. பிறருடைய நன்மையைப் பிறருடையதாகவே விட்டு மகிழத் தெரிய வேண்டும்.

இவ்வளவும் கூறியதால், கோடு போட்ட தாள் அனைத்தும் கலை என்று நாம் வாதாடுவதாக எவரும் கொள்ளவேண்டா. அருவ ஓவியத்தின் பெயரால் போலிகள் உண்டு, ஏராளமாகவே உண்டு. விளங்காமையே மேதைமை என்று நம்பவைக்கும் வணிகமும் உண்டு. அவற்றை இனங்காணும் வழி, ‘பொருள் என்ன?’ என்று கேட்பதன்று. ‘இக்கோட்டை எடுத்துவிட்டால் என்னவாகும்?’ என்று கேட்க வேண்டும். போலியில் பத்துக் கோடுகளை நீக்கினாலும் ஒன்றும் கெடாது. இருபதைச் சேர்த்தாலும் ஒன்றும் கூடாது. நஸ்ரீனின் பிற்காலத் தாள் ஒன்றில் ஒரே ஒரு சாய்கோட்டை விரலால் மறைத்துப் பாருங்கள், எஞ்சியவை நிலைகுலையும். தாளின் வெறுமை, பொருளுள்ள வெளியாக இருந்தது போய், வெறும் காலியிடமாகிவிடும். இச்சோதனையைச் செய்ய அயல்நாட்டுப் பட்டம் வேண்டியதில்லை. கண்ணும் ஐந்து நிமிடமும் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நாம் தர மறுக்கிறோம்.

இசையில் நாம் இவ்வளவு கஞ்சர்களாக இல்லை என்பது வியப்பு. பாடகர் சொல்லே இல்லாமல் ஓர் இராகத்தை அரைமணி நேரம் ஆலாபனை செய்கிறார். ‘இதன் கருத்து என்ன?’ என்று எழுந்து கேட்பவர் எவருமில்லை. சுரம் அடுத்த சுரத்தை நோக்கிச் செல்வதையும், தயங்குவதையும், திரும்புவதையும் கேட்டு நிறைவு கொள்கிறோம். செவிக்குக் கொடுத்த உரிமையைக் கண்ணுக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்? நம் பள்ளிகளிலும் பங்குகளிலும் நடைபெறும் ஓவியப் போட்டிகளை எண்ணிப் பாருங்கள். ‘சுற்றுச்சூழலைக் காப்போம்’, ‘சமாதானம்’ என்று தலைப்பு முதலில் வருகிறது. படம் பின்னால் வருகிறது. பூமி உருண்டையும், அதைத் தாங்கும் இரு கைகளும், பறக்கும் புறாவும் ஆண்டுதோறும் பரிசு பெறுகின்றன. ஒரு பிள்ளை ஆலிலையின் நரம்புகளைப் பார்த்துக் கோடு கோடாக வரைந்து கொடுத்தால், ‘தலைப்புக்குப் பொருந்தவில்லை’ என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்பிள்ளை அன்றைக்கே பார்ப்பதை நிறுத்திவிட்டுச் சின்னங்களைப் படிக்கத் தொடங்குகிறது. நாற்பது வயதில் ஓர் அருங்காட்சியகத்தில் நின்று, ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்பதும் அதே பிள்ளைதான்.

இது வெறும் கலைச் சிக்கல் அன்று. உடனே பயன் தராத எதன் முன்னும் நிற்க இயலாதவர்களாக நாம் மாறிக்கொண்டிருக்கிறோம். பேச்சிழந்து படுக்கையில் கிடக்கும் முதியவரிடம் இரண்டு நிமிடத்துக்குமேல் உட்கார முடியவில்லை நமக்கு. ‘அவருக்குத்தான் ஒன்றும் தெரியவில்லையே, இருந்து என்ன செய்ய?’ என்கிறோம். அந்தச் சொல்லுக்கும் ‘இதில் என்ன இருக்கிறது?’ என்னும் சொல்லுக்கும் இடையே தொலைவு மிகக் குறைவு. கோடுகளிடம் நீதி கேட்காதீர் என்று சொல்லிவிட்டு நீங்களே ஒரு நீதியைப் பிழிந்தெடுக்கிறீர்களே என்று வாசகர் மடக்கலாம். நீதி கோடுகளில் இல்லை. அவை எதையும் போதிக்கவில்லை. நாம் குறைகூறுவது அவற்றின் முன் நிற்காத நம் கால்களை.

ஆகவே நாம் வேண்டுவது சிறிது. தில்லிக்கோ மும்பைக்கோ செல்லும் வாய்ப்பு நேர்ந்து, நஸ்ரீனின் தாள் ஒன்று காட்சிக்கு வந்திருக்குமாயின், அதன் முன் சற்றே நில்லுங்கள். அருகிலுள்ள விளக்கப் பலகையை முதலில் படிக்கவேண்டா. நோயை நினைக்கவேண்டா, விலையை விசாரிக்கவேண்டா, செபமா, தியானமா என்று பெயர்தேட வேண்டா. இடப்பக்கத்து ஓரத்தில் தொடங்கும் ஒரு கோட்டைப் பற்றிக்கொண்டு, அது ஓயும் இடம்வரை கண்ணால் நடந்து செல்லுங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லையெனில், பிடிக்கவில்லை என்று உரக்கச் சொல்லுங்கள். பார்த்தபின் சொல்லப்படும் அந்த மறுப்பை, பார்க்காமல் சொல்லப்படும் ஆயிரம் பாராட்டுகளைவிட நாம் மேலாக மதிப்போம்.